மேயரைத் திட்டியவர்

"ஏனுங்க டீச்சர், இந்தப் பேச்சுரிமைங்கறது நெசமாவே இருக்குதுங்களா? இல்ல, பரீட்சைக்கு எழுதறதுக்கு மட்டுந்தானுங்களா?"

மாசிலாமணி கேட்டார்.

சிவமலர் மேசையிலிருந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். வகுப்பு முடிந்து மற்றவர்கள் போய்விட்டார்கள்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு சின்ன ஊர் அது. பொது நூலகத்தின் மாடியறையில் சனிக்கிழமை காலைகளில் குடியுரிமைத் தேர்வுக்கு வகுப்பு எடுப்பவர் சிவமலர். பிறந்தது யாழ்ப்பாணம். இங்கே உயர்நிலைப் பள்ளியில் சரித்திர ஆசிரியை. மாசிலாமணியைவிட நன்றாகவே வயதில் இளையவர். ஆனாலும் அவர் அறைக்குள் வந்தால் மாசிலாமணி எழுந்து நிற்பார். கரூர்ப் பக்கத்தில் படித்த காலத்துப் பழக்கம், விடவில்லை.

"எல்லாரும் இருக்குன்னு சொல்றாங்க. நானும் மனப்பாடம் பண்ணிட்டேன். ஆனா நான் பார்த்ததில்லீங்க."

சிவமலர் புத்தகங்களை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்.

"செவ்வாய்க்கிழமை நகரசபைக் கூட்டம் இருக்கு, அண்ணை. போய் மேயரை முகத்துக்கு நேர ஏசிப்போட்டு வாங்கோ."

"ஏசறதுன்னா... திட்டறதுங்களா?"

"ஓம்."

"நான் இன்னும் குடிமகன்கூட ஆகலீங்களே. புடிச்சு உள்ள போட்டுட்டா?"

"போட்டா நான் வந்து வெளியில எடுக்கிறன்."

*

மாசிலாமணி போனார்.

சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். பொதுமக்கள் பேசும் நேரம் வந்தது. அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்தார்.

நெடுஞ்சாலை ஓரத்துக் கடைவரிசையில் அவருடைய இட்லி தோசைக் கடை. கடைக்கு முன்னால் சாலையில் ஒரு பெரிய குழி. வண்டிகள் அதில் இறங்கி ஏறும் சத்தம் சமையல்கட்டு வரை கேட்கும்.

"வரியை மட்டும் நாள் தவறாம வாங்கறீங்க. குழியை மூட மாட்டேங்கறீங்க" என்றார் தன் ஆங்கிலத்தில். ஆரம்பித்த பிறகு நிற்கவில்லை. "உங்க வீட்டு வாசல்ல இப்படி இருந்தா விட்டு வெச்சிருப்பீங்களா? அந்த நாற்காலியில உக்கார உங்களுக்கு வெக்கமா இல்லையா?"

மேயரின் கழுத்து சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

"நன்றி, ஐயா. அடுத்தது யார்?"

அவ்வளவுதான்.

மாசிலாமணி வாசலை நோக்கி நடந்தார். கதவருகே இடுப்பில் துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். மாசிலாமணியைக் கண்டதும் அவர் நகர்ந்தார். மாசிலாமணி சட்டென்று நின்றார்.

போலீஸ்காரர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "பார்த்துப் போங்க. படி ஈரமா இருக்கு" என்றார்.

காருக்குள் உட்கார்ந்து மாசிலாமணி தனியாகச் சிரித்தார். அப்படியே ஊருக்குப் போன் போட்டுத் தம்பியை எழுப்பினார்.

"மேயரைத் திட்டிப்போட்டேன்டா!"

"ஏண்ணா, குடிச்சிருக்கியா?" என்றான் தம்பி.

*

சனிக்கிழமை லட்டு கொண்டுவந்தார். வகுப்பு முழுவதற்கும் கொடுத்தார். எல்லோரும் போன பிறகு நடந்ததை நடித்தே காட்டினார். மேயராகவும் அவரே, போலீஸ்காரராகவும் அவரே.

சிவமலர் லட்டைச் சாப்பிட்டு முடித்தார்.

"கடையில கூரை ஒழுகுது எண்டு ஒருநாள் சொன்னீங்களல்லோ?"

"ஆமாங்க. வாளி வெச்சுப் புடிச்சுட்டு இருக்கறோம். கட்டடத்துச் சொந்தக்காரன் கண்டுக்கவே மாட்டேங்கறான்."

"அவரையும் போய் இப்பிடியே ஏசுங்கோ."

மாசிலாமணியின் முகம் மாறியது.

"அய்யோ, அது முடியாதுங்க. வருசக் கடைசியில வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கோணும். வேற ஆளுக்குக் குடுத்துட்டான்னா நான் எங்க போவேன்? அவன் வந்தா நான் காப்பி போட்டுக் குடுத்து, 'ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க'ன்னு சொல்லி அனுப்பறேன்."

"மேயரை ஏசின ஆள் நீங்கள்."

"அது வேறங்க டீச்சர். இது வேறங்க."

"சரி. அப்ப அவரை விடுவம்." சிவமலர் கையைத் துடைத்துக்கொண்டார். "உங்கட கடையில வேலை செய்யிற ஆக்களிட்டச் சொல்லுங்கோ. உங்களை ஏசட்டும்."

மாசிலாமணி வாய்விட்டுச் சிரித்தார்.

"நம்ம கடையில ஒருத்தருக்கும் பயமே கிடையாதுங்க. சின்னப் புள்ளைங்ககூட என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுது."

"நல்லது. அப்ப லேசுதானே."

*

திங்கட்கிழமை மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"என் மேல ஏதாவது குறை இருந்தா முகத்துக்கு நேரா சொல்லலாம். தைரியமா சொல்லுங்க. இது அமெரிக்கா."

புகைபோக்கி விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

தோசை போடும் ஜெபசிங் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு முதலாளி" என்றான். மேசை துடைக்கிற பெண் தலையாட்டினாள்.

மாசிலாமணிக்கு மனசு நிறைந்துபோயிற்று. சரி, போகலாம் என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"நான் ஒண்ணு சொல்லலாமா, மணி?"

கல்லாவில் நிற்கிற டோனா. அதே ஊர்க்காரி, வெள்ளைக்காரப் பெண். ஐம்பதைத் தாண்டியவள். கடை திறந்த நாளிலிருந்து இருக்கிறாள். சாம்பார் என்றால் என்ன என்று அந்த ஊருக்கு எடுத்துச் சொன்னதே அவள்தான் என்று சொல்லலாம்.

"தாராளமா."

"நீங்க எங்களை விரல் சொடுக்கிக் கூப்பிடறீங்க. சாப்பிட வந்தவங்க முன்னாடியும் அப்படித்தான். நாயைக் கூப்பிடற மாதிரி இருக்கு. எனக்கு அது பிடிக்கலை."

மேசை துடைக்கிற பெண் தரையைப் பார்த்தாள். ஜெபசிங் காலிக் கல்லைத் துடைக்க ஆரம்பித்தான்.

மாசிலாமணிக்குக் காது மடல் சுட்டது. மேயர் ஞாபகம் வந்தார்.

"நன்றி, டோனா" என்றார். "அடுத்தது யார்?"

அடுத்தது யாரும் இல்லை.

அன்று முழுக்க வலது கையைக் கால்சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்தார். யாரையும் கூப்பிடவில்லை. வேண்டியதை அவரே போய் எடுத்துக்கொண்டார். டோனா இருந்த பக்கம் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அடுத்த வாரத்துக்கு யார் யார் எந்தெந்த நாள் என்று எழுதுவது அவர் வழக்கம். அந்த வாரம் நல்ல மழை. வியாபாரம் மந்தம். டோனா ரெண்டு நாள் வந்தால் போதும் என்று தோன்றியது.

அதற்கடுத்த வாரமும் அப்படியே தோன்றியது.

*

சிவமலர் டொரன்டோவுக்குப் போயிருந்ததால் சில வாரம் வகுப்பு இல்லை. திரும்பி வந்ததும் மாசிலாமணி முதல் ஆளாகப் போய் நின்றார்.

"நீங்க சொன்னதைச் செஞ்சுட்டேனுங்க டீச்சர். ஒரு பொம்பளை என்னை எல்லார் முன்னாலயும் நேருக்கு நேரா கேட்டுச்சு. நான் கோவமே படலீங்க. மேயர் மாதிரியே நன்றி சொல்லிட்டேன்."

"ஆர் அது?"

"டோனா. கல்லாவுல நிக்கும்."

"இப்ப எப்பிடி இருக்கிறா?"

"நல்லா இருக்குதுங்க. இப்ப ரெண்டு நாள்தான் வருது."

"முந்தி?"

"அஞ்சு நாளுங்க."

"ஏன் குறைஞ்சது?"

"மழைங்களா, யாவாரம் கொஞ்சம் மந்தம்."

"தோசை போடுற தம்பி?"

"அவன் எப்பவும் போல வர்றானுங்க."

"மேசை துடைக்கிற பிள்ளை?"

"அதுவும் எப்பவும் போலத்..."

மாசிலாமணி நிறுத்தினார்.

ஜன்னலுக்கு வெளியே நூலகத்துப் புல்வெளியில் யாரோ புல்வெட்டும் எந்திரத்தை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"நான் மனசறிஞ்சு செய்யலீங்க" என்றார் மாசிலாமணி.

சிவமலர் மேசைமேல் கிடந்த பேனாவை மூடி வைத்தார்.

"அந்தப் பொம்பளை சொன்னதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க. மழைதானுங்க."



மாசிலாமணி நாற்காலியில் உட்கார்ந்தார். தன் குரல் தனக்கே கேட்கச் சகிக்கவில்லை. தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அரசியல் சட்டப்படி நான் செஞ்சது தப்புங்களா?"

சிவமலர் அரசியல் சட்டம் அச்சிட்ட சின்னப் புத்தகத்தை எடுத்து, பேச்சுரிமையைச் சொல்லும் முதல் திருத்தம் இருந்த பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தார்.

"முதல் சொல்லை வாசியுங்கோ."

"காங்கிரஸ்."

"முழுக்க வாசியுங்கோ."

வாசித்தார். பேச்சைக் குறைக்கிற சட்டம் எதையும், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் போடக்கூடாது. மனப்பாடமாகத் தெரிந்ததுதான்.

"இது ஆரின்ர கையைக் கட்டுது?"

"காங்கிரஸோட கையை. அப்புறம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லி, மேயர் வரைக்கும் எல்லா அரசாங்க ஆளுங்க கையையும். நீங்கதானுங்களே சொல்லிக்குடுத்தீங்க."

"உங்கட கையை?"

மாசிலாமணி மறுபடி படித்தார். விரலை வைத்து, எழுத்துக் கூட்டுகிற மாதிரிப் படித்தார். அந்த வரியில் கடை இல்லை. முதலாளி இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இல்லை.

"என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்க."

"ஓம்."

"அப்ப, நான் செஞ்சதை இது கேக்காதுங்களா?"

"இது கேக்காது."

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அவருக்கு முகம் முழுக்க எரிந்தது. சிவமலர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. யாராவது திட்டியிருந்தால் தேவலை.

"நான் இப்ப என்ன செய்யோணுமுங்க?"

சிவமலர் எழுந்து போய் அறைக்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

*

மாசிலாமணி டோனாவின் வீட்டுக்குப் போனார். அங்கே அவள் இல்லை. நெடுஞ்சாலைத் திருப்பத்தில் இருக்கிற பெட்ரோல் நிலையத்தில் மற்ற நாட்களில் வேலை பார்ப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.

சிவப்புச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு கல்லாவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். மாசிலாமணியைப் பார்த்ததும் முதலில் மேலே, கூரையின் மூலையைப் பார்த்தாள்.

"ஒரு காப்பி எடுத்துக்கங்க, மணி. கையில ஒண்ணும் இல்லாம நின்னு பேசினா, ஓனர் கேமராவுல பார்த்துட்டுப் போன் பண்ணுவார்."

அவர் காப்பியைப் பிடித்துக்கொண்டு வந்து வைத்தார்.

"டோனா, உன் நாளைக் குறைச்சது நான்தான்."

"தெரியும். நீங்கதானே எழுதறீங்க."

"மழையால இல்லை."

"அதுவும் தெரியும்."

மாசிலாமணியால் நிமிர முடியவில்லை.

"தெரிஞ்சும் ஏன் என்னைக் கேட்கலை?"

"கேட்டா போறதுக்கு இன்னும் ரெண்டு நாள் மிச்சம் இருந்துதே."

சிகரெட் வாங்க ஒருவன் வந்தான். மாசிலாமணி ஒதுங்கி நின்றார். டோனா அவனுக்குச் சிரித்த முகமாகக் கொடுத்து அனுப்பினாள். கதவு சாத்தியதும் சிரிப்பும் போயிற்று.

"நான் செஞ்சது கேவலம்" என்றார் மாசிலாமணி. அந்த வார்த்தையை ஆங்கிலத்தில் தேடிப் பிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "என்னை மன்னிச்சுக்க. திங்கட்கிழமையிலிருந்து பழையபடி அஞ்சு நாளும் வா."

"வர்றேன். எனக்கு வேலை வேணும்."

காப்பிக் கோப்பைக்கு ஒரு மூடியை எடுத்தாள்.

மாசிலாமணிக்குக் கிளம்ப மனசு வரவில்லை.

"இனிமே நான் ஏதாவது தப்பு பண்ணினா, அன்னைக்கு மாதிரியே எல்லார் முன்னாலயும் சொல்லு. ஒண்ணும் ஆகாது. சத்தியமா சொல்றேன். என்னை நம்பு, டோனா."

டோனா மூடியைச் சுற்றி அழுத்தி, கோப்பையை அவர் பக்கம் தள்ளினாள்.

"அன்னைக்கும் உங்களை நம்பித்தான் சொன்னேன், மணி."