யாரோ திறந்து பார்க்கிறார்கள்

"அம்மா, என் பொருள்ல யாரோ கை வைக்கிறாங்க."

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யாருன்னு தெரியுமா?"

"தெரியும். நிரூபிக்கத்தான் முடியல."

"சரி, உக்காருங்க."

ஏகாம்பரம் உட்கார்ந்தார். உட்காருமுன் பாயைத் தூக்கி அடியில் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். அது அவர் பழக்கம்.

வாழ்நாளெல்லாம் ஜோகூருக்கும் ஈப்போவுக்கும் லோரி ஓட்டியவர். வழித்துணை சிகரெட்தான். அது நெஞ்சைத் தின்றுவிட்டது. இனி ஒன்று பற்றவைத்தாலும் என்னிடம் வராதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் ஒரு வேப் வாங்கிக் கொடுத்தாள். புகைக்குப் பதிலாக ஆவி. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால் ஓடைக்கரையில் இருந்த இந்தச் சின்ன மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

மடத்தை நடத்தும் தையல்நாயகி அவரைவிட மிக இளையவர். இருந்தாலும் எல்லோருக்கும் அவர் அம்மாதான். வேப்பைப் பார்த்து அவர் முகம் சுளிக்கவில்லை.

"கையில என்ன இருக்கோ அதோட வாங்க," என்றார்.

அந்தப் பெருந்தன்மைதான் ஏகாம்பரத்தைத் தூங்கவிடவில்லை. முதல் வாரம் முழுவதும் யாருக்கும் தெரியாமல் சமையல்கட்டுக் குப்பையைக் கிளறினார், சைவ மடத்தில் மீன்முள் ஏதாவது கிடைக்குமா என்று. கிடைக்கவில்லை.

நன்றாகத்தான் மறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

"ஆரம்பத்துலேர்ந்து சொல்லுங்க," என்றார் அம்மா.

"இந்த டேங்க்குக்குள்ள காயில்னு ஒண்ணு இருக்கும்மா. பஞ்சு சுத்தின சின்னக் குழல். பஞ்சு லிக்விட்டைக் குடிக்கும். கம்பி அதைச் சுட வைக்கும். ஆவி வரும்."

"விளக்குத்திரி மாதிரி."

"அதேதான். பழைய காயில் தேஞ்சிடுச்சுன்னு போன வாரம் புதுசு போட்டேன். முதல் இழுப்பே கருகின நாத்தம். கடைக்காரப் பய போலிய என் தலையில கட்டிட்டான்."

"போட்ட உடனே இழுத்தீங்களா?"

"பின்னே, தேங்கா உடைச்சிட்டா இழுப்பாங்க?"

"புதுத் திரிய எண்ணெயில ஊற வைக்காம கொளுத்தினா?"

ஏகாம்பரத்துக்குப் பொறி தட்டியது. ஆனாலும் கடைக்காரனை அப்படிச் சுலபமாக விட்டுவிட மனம் வரவில்லை.

"இருந்தாலும் அவன் முழியே சரியில்லம்மா."

"அப்புறம்?"

"இன்னொரு காயில் போட்டேன். பஞ்சை நல்லா ஊற விட்டேன். அருமையா இருந்துச்சு, பலாப்பழ வாசம். அதுக்கப்புறந்தான் ஒழுக ஆரம்பிச்சது. கீழ காத்து போற ஓட்டை வழியா. பையில வச்சா பை நனையுது. மாடத்துல வச்சா மாடம் நனையுது. இழுத்தா குளுகுளுன்னு சத்தம், நாக்குல தெறிக்குது. எறும்பு ஊர்வலமா என் படுக்கைக்கு வருது."

"எல்லாத்தையும் சரி பார்த்தீங்களா?"

"ரப்பர் வளையம் சரியா இருக்கு. காயில் இறுக்கமா இருக்கு. கண்ணாடில ஒரு கீறல் இல்ல. எல்லாம் சரியா இருந்தும் ஒழுகுதுன்னா என்ன அர்த்தம்?"

"என்ன அர்த்தம்?"

"ஆள் இருக்குன்னு அர்த்தம்."

அம்மா ஒரு கீரைத்தண்டைக் கிள்ளி ஓரமாகப் போட்டார்.

"யாரு?"

ஏகாம்பரம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"வடமலை."

வடமலை அவருடைய அறைத்தோழர். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக் கூன் விழுந்த மனிதர். சொந்தம் என்று யாரும் இல்லை. மடத்தில் கூட்டுவதும் துடைப்பதும் அவர்தான், யாரும் சொல்லாமலே.

"நான் இழுக்கும்போதெல்லாம், 'என்னண்ணே, சாம்பிராணி போட்டாச்சா?'ங்கிறான்."

"அது கேலி."

"கேலிக்கு உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? அவன் துண்டுல பலாப்பழ வாசம் அடிக்குதும்மா. மோந்து பார்த்துட்டேன்."

"அவர் துண்டையா?"

"அவன் குளிக்கப் போயிருந்தான்."

"அவர்கிட்டயே கேட்டிருக்கலாமே?"

"கேட்டேனே. 'ஒழுகிக் கிடந்துச்சுண்ணே, எறும்பு வருதேன்னு தொடச்சேன்'ங்கிறான். யோசிக்காம சொல்றான். அப்படின்னா முன்னாடியே யோசிச்சு வச்சிருக்கான்."

அம்மா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஏகாம்பரம் கோபித்துக்கொண்டு எழுந்திருப்பார்.

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"இங்க ஒண்ணு அவன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும். துணிமணியெல்லாம் பையில கட்டி வச்சிட்டேன்."

அந்தப் பையின் ஓரத்தில் இன்னும் பிரிக்காத ஒரு சிகரெட் பாக்கெட் இருந்தது. அது இருப்பது ஏகாம்பரத்துக்குத் தெரியும். வெளியே போனால், பேருந்து வருமுன் அதைப் பிரித்துவிடுவோம் என்பதும் தெரியும்.

"வடமலைக்குப் போக இடமில்ல," என்றார் அம்மா.

"எனக்கு மட்டும்?"

"வீடு இருக்கே."

"வீடு இருக்கு. சௌந்தரம் இல்ல."

மனைவியின் பெயரைச் சொன்னதும் அவர் குரல் ஒரு படி இறங்கியது. பிறகு வழக்கம்போல் ஏறியது.

"நான் லோரியில போயிட்டு வந்ததும் எல்லாத்தையும் திறந்து பார்ப்பேன். அவ கைப்பை, அலமாரி, போன். அரிசி டின்னைக்கூட விட்டதில்ல. ஒண்ணும் சிக்கினதில்ல. கடைசியா ஒரு நாள் திறக்கிறேன், அலமாரி காலி. மக வீட்டுக்குப் போயிட்டா. பார்த்தீங்களா? என் சந்தேகம் சரியாப் போச்சு."

அம்மா அடுத்த கீரைக்கட்டைப் பிரித்தார்.

"பேசுறீங்களா அவங்ககிட்ட?"

"மக போன் போட்டுக் குடுப்பா. 'பக்கத்துல யாரு?'ன்னுதான் கேப்பேன். அதுல என்ன தப்பு? இப்பல்லாம் அவ போன் பக்கமே வர்றதில்ல."

பேசிக்கொண்டே வேப்பை வெளியே எடுத்தார். டேங்கின் மேல்மூடியைத் திருகித் திறந்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். மூடினார்.

"இது என்ன?" என்றார் அம்மா.

"தண்ணி கலந்திருக்கானான்னு பார்த்தேன். அந்தக் காயில் கருகின நாள்லேர்ந்தே காவல்தான். காலைல ஒரு தரம் பார்ப்பேன். பசியாறிட்டு வந்து பார்ப்பேன். அவன் அறைக்குள்ள போயிட்டு வந்தா உடனே பார்ப்பேன். ராத்திரி முழிப்பு வந்தாலும் பார்த்துட்டுத்தான் படுப்பேன். நம்ம காவல்ல குறையே சொல்ல முடியாது."

"கீழ ஓட்டை இருக்குன்னு சொன்னீங்கள்ல?"

"ஆமா."

"ஓட்டை இருந்தும் முன்னெல்லாம் ஏன் ஒழுகல?"

ஏகாம்பரம் யோசித்தார்.

"செஞ்சவன் உள்ள ஏதோ வித்தை வச்சிருப்பான்."

"என்ன வித்தை?"

"அதை வெளிய சொல்லுவானா அவன்?"

அம்மா எழுந்தார். வேலியோரத்துப் பப்பாளி மரத்தில் ஓர் இலையை முறித்தார். அரிவாள்மணையில் தண்டின் இரண்டு முனைகளையும் நறுக்கினார். விரல்பருமன் பச்சைக் குழல் ஒன்று மிஞ்சியது. தண்ணீர் வாளியை ஏகாம்பரத்தின் முன் நகர்த்தி வைத்தார்.

"இதை முழுசா முக்குங்க. தண்ணிக்குள்ளயே மேல்வாயைக் கட்டைவிரலால அடைங்க. நேரா தூக்குங்க."

தூக்கினார்.

"அப்படியே வச்சிருங்க. நான் போய் வடமலையை விசாரிச்சிட்டு வரேன்."

"இது எதுக்கும்மா?"

"உள்ள தண்ணி இருக்கு. நீங்கதான் காவல். யாராவது வந்து கை வச்சா ஒரு சத்தம் குடுங்க."

அம்மா கொல்லைப்பக்கம் போனார்.

ஏகாம்பரம் தண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதலில் வாசலைப் பார்த்தார். பிறகு வேலியை. பிறகு வடமலையின் ஜன்னலை. கொல்லைப்பக்கம் பேச்சுக்குரலே கேட்கவில்லை. விசாரிப்பதென்றால் சத்தம் வராதா? இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசுகிறார்கள். தன்னைப் பற்றித்தான்.

தண்டைப் பார்த்தார்.

பச்சையாக, அழுத்தமாக இருந்தது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. கீழ்வாய் திறந்தே கிடக்கிறது. ஒரு சொட்டு விழவில்லை. தண்ணீர் இருந்தால் விழுந்திருக்க வேண்டுமே. முக்கியது வாளியில்தான், அது உண்மை. ஆனால் உள்ளே ஏறியதை யார் பார்த்தது?

காலிக் குழலைக் கையில் கொடுத்து உட்காரவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

கட்டைவிரலைக் கொஞ்சமாகத் தூக்கினார். பார்க்கத்தான்.

மடியில் சளக்கென்று விழுந்தது தண்ணீர். கைலி நனைந்து தொடையில் ஒட்டியது. சில்லென்றிருந்தது.

சட்டென்று தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தார்.

யாரும் இல்லை.

வாசலில் இல்லை. வேலியோரம் இல்லை. ஜன்னலில் இல்லை.

மறுபடி முக்கினார். அடைத்தார். தூக்கினார். நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அசையாமல் நின்றது. விரலை எடுத்தார்.

விழுந்தது.

ஏகாம்பரம் தண்டைக் கீழே வைத்தார். பக்கத்தில் கிடந்த வேப்பைக் கையில் எடுத்தார். அவரைக் கேட்காமலே கட்டைவிரல் மேல்மூடிக்குப் போய்விட்டது. ஒரு நாளில் எத்தனை தரம் திறந்த மூடி! பலாப்பழப் பிசுக்கு அந்த விரலின் ரேகைகளில் கறையாக ஊறியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா வந்தபோது வாளியைச் சுற்றிச் சேறாகியிருந்தது.

"யாரு வந்தாங்க?"

ஏகாம்பரம் வேப்பைப் பாயில் வைத்தார்.

"வடமலை என்ன சொன்னான்?"

"நான் அவரைப் பார்க்கவே இல்லையே. கை கழுவத்தான் போனேன்."

அறைக்குள்ளிருந்து வடமலையின் குரல் வந்தது.

"அண்ணே! உங்க மாடத்துல மறுபடி எறும்புண்ணே! தொடைக்கட்டா, இல்ல அதுக்கும் போலீஸ்ல சொல்லுவீங்களா?"

"தொடைடா, தொடை," என்றார் ஏகாம்பரம்.

அம்மா மறுபடி கீரையின் முன் உட்கார்ந்தார்.

"அப்ப, பையைப் பிரிச்சிரலாமா?"

ஏகாம்பரம், திறந்து கிடந்த ஓர் அலமாரியின் முன் நிற்பவரைப் போலிருந்தார்.

"அம்மா, போனைக் கொஞ்சம் தர்றீங்களா?"

"சௌந்தரத்துக்கா?"

"ம்."

"எடுப்பாங்களா?"

"தெரியல."

"எடுத்தா என்ன கேக்கப்போறீங்க?"

ஏகாம்பரம் நனைந்த கைலியின் நுனியைப் பிழிந்தார்.

"ஒண்ணும் கேக்க மாட்டேன்."