அமைச்சர் பிறந்தநாளுக்கு ரத்ததானம்

முதல் தடவை ஜெயித்துச் சட்டசபைக்குப் போன வெள்ளைத்தாய்க்குக் கடைசி வரிசையில்தான் இடம். அவள் எழுந்து, "எங்க கூந்தப்பாறை ஆஸ்பத்திரியில டாக்டர் இருக்காரா?" என்று கேட்டதும், சுகாதார அமைச்சர் திருவரங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இருபத்துநாலு மணி நேரமும் இருக்கிறார். உறுப்பினர் அம்மா தொகுதிப் பக்கமே போவதில்லை போலிருக்கிறது!"

ஆளுங்கட்சிக்காரர்கள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். சிரிப்புக்கு மட்டும் அங்கே குறைச்சலே இல்லை. வெள்ளைத்தாய் குரலில் தேனைத் தடவிக்கொண்டாள்.

"ரொம்ப சந்தோஷம்ங்க. திங்கட்கிழமை உங்க பிறந்தநாளாச்சே! அந்த ஆஸ்பத்திரியில எங்க ஊரே ரத்ததானம் பண்றோம். முதல் ஆளா நீங்கதான் வந்து கொடுக்கணும்."

பிறந்தநாள் என்றதும் அமைச்சருக்குத் தலைகால் புரியவில்லை. "கட்டாயம் வருகிறேன்!" என்றார். மறுபடியும் மேசைகள் அதிர்ந்தன. அதற்குள் துறைச் செயலாளர் விழுந்தடித்து ஓடிவந்து அவர் காதைக் கடித்தார். அமைச்சரின் முகம் செத்துப்போயிற்று.

"முகாமை மாவட்ட மருத்துவமனையில் வைத்துக்கொள்வோமே. அங்கேதான் டாக்டர்..." என்றவர், நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வெள்ளைத்தாய் வெடித்தாள்.

"ஒரு பாட்டில் ரத்தம் கொடுக்க உங்களுக்கு டாக்டர் வேணும். போன மாசம் பிள்ளை பெத்துட்டு, ரத்தமெல்லாம் கொட்டி, அந்த ஆஸ்பத்திரி வாசல்லயே செத்தாளே எங்க சின்னப்பேச்சி, அவளுக்கு வேண்டாமாய்யா? பூட்டின கதவை அவ புருஷன் தட்டித் தட்டிப் பார்த்தான். இப்பத் தட்டுங்கய்யா மேசையை!"

ஒரு கையும் எழவில்லை.