அடுத்த குட்டைக்குத் தண்ணீர் கேட்ட முயல்

ஒரு காட்டில் ஓர் ஏரி இருந்தது. ‘இருந்தது’ என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது, பிள்ளைகளே. அப்படி ஓர் ஏரி. கரை முழுக்க நாவல் மரங்கள். பழம் விழுந்து விழுந்து மண்ணே ஊதாவாகக் கிடக்கும். அங்கே போய்விட்டு வந்த விலங்கு எதுவாக இருந்தாலும் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும். அம்மாவிடம் பொய் சொல்லவே முடியாது.

ஏரியைச் சுற்றிச் சின்னச் சின்னக் குட்டைகள். ஏரியிலிருந்து ஒவ்வொரு குட்டைக்கும் ஒரு வாய்க்கால் உண்டு. வாய்க்காலின் தலைப்பில் ஒரு மடை இருக்கும். மடையைக் களிமண் வைத்து அடைத்திருப்பார்கள். கோடையில் அந்த மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டால் தண்ணீர் சலசலவென்று குட்டைக்கு ஓடும்.

எந்த மடையை எப்போது திறப்பது என்று வெகுகாலம் சிங்கராஜாதான் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தது. அதற்கு வயதாகிவிட்டது. ஒருநாள் எல்லாரையும் கூப்பிட்டது.

“உங்க குட்டை வத்திப் போச்சுன்னா குகையில படுத்திருக்கிற எனக்கு எப்படித் தெரியும்? இனிமே ஒவ்வொரு குட்டைக்கும் ஒரு தலைவரை நீங்களே தேர்ந்தெடுங்க. உங்க மடை உங்க தலைவர் பொறுப்பு. பாதிக் குட்டைக்குப் பெண்கள்தான் தலைவரா இருக்கணும்” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டது.

தேர்தல் நடந்தது பாருங்கள், அதல்லவா தேர்தல். ஓட்டுக்கு ஒரு கூழாங்கல். ஆமை தன் கல்லைத் தூக்கிக்கொண்டு விடியும்போதே கிளம்பியது, பொழுது சாயும்போதுதான் வந்து சேர்ந்தது. அதுவரை யாரும் கல்லை எண்ணவில்லை. அதற்காகக் காத்திருந்தார்கள். இப்போது யார் காத்திருக்கிறார்கள்?

கோரைக்குட்டைக்கு முயல் தலைவர் ஆனது. பாறைக்குட்டைக்கு முள்ளம்பன்றி. மூங்கில்குட்டைக்குப் பெண்மயில். மூன்றும் பெண்கள், மூன்றும் புதியவர்கள்.

ஏரிக்கரையைக் காவல் காக்கும் வேலை நரிக்கு. காவல் மட்டும்தான். ஆனால் அது முதல் நாளே எல்லாத் தலைவர்களிடமும் தேன் ஒழுகப் பேசியது.

“மடை உங்களோடதுதான், தலைவரம்மா. திறக்கிறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க, அவ்வளவுதான். ஒவ்வொருத்தரா வாங்க. கும்பலா வந்தா எனக்குத் தலை சுத்தும்.”

அட, நரி எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறது என்று எல்லாரும் மகிழ்ந்துபோனார்கள். நம் ஆட்களைப் பற்றித்தான் தெரியுமே, ‘அம்மா’ போட்டு அழைத்துவிட்டால் போதும். ஏரி நிறைந்திருந்தால்தான் கரையோர வளைகளில் நண்டு கொழுக்கும், நரிக்கு நண்டு என்றால் உயிர் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

அந்த ஆண்டுக் கோடை கொடுமையாக இருந்தது. கோரைக்குட்டை வற்றிச் சேறானது. முயலுக்குப் பிறந்து கொஞ்ச நாளே ஆன குட்டிகள் இருந்தன. இன்னும் சில நாள் போனால் குட்டையைச் சேர்ந்த எல்லாரும் வேறு தண்ணீர் தேடிச் செந்நாய்க்காட்டைக் கடக்க வேண்டியதுதான். அந்த வழியாகக் குட்டிகளோடு போனால் எத்தனை மிஞ்சும்?

முயல் நரியிடம் ஓடியது. “ஐயா, என் மடையைத் திறக்கணும்.”

நரி பெருமூச்சு விட்டது. “தாராளமா, தலைவரம்மா. ஆனா நேத்துதான் முள்ளம்பன்றி வந்து அழுதுட்டுப் போச்சு. ‘முயல் மடையைத் திறந்தா எங்க பங்கு குறைஞ்சிடும்’னு ஒரே அழுகை. மயில் வீட்லயும் தண்ணி வேண்டாம்னு சொல்லிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் பிடிவாதமா நிக்கிறீங்க.”

முயலுக்கு வெட்கமாகிவிட்டது. ஊரே பொறுத்துக்கொண்டிருக்கும்போது நாம் மட்டும் பறக்கிறோமே என்று காதைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பியது. அதற்கு மனசு கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்டுவிடுவோம் என்று நேரே பாறைக்குட்டைக்குப் போனது.

“அக்கா, உங்க பங்குக்கு ஆசைப்பட்டுட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க” என்றது.

முள்ளம்பன்றி விழித்தது. “என்ன தங்கச்சி சொல்றே? நான் எப்ப உன் தண்ணியைத் தடுத்தேன்? என் குட்டையும்தான் காயுது. முயல் ஒத்துக்கலைன்னு சொல்லி நரி என்னைத் திருப்பி அனுப்பிச்சுது. உன்மேல கோபமா உட்கார்ந்திருக்கேன் நான்.”

இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு நேரே மூங்கில்குட்டைக்கு நடந்தன.

அங்கே பெண்மயில் பதறிப்போனது. “நாங்க தண்ணி வேண்டாம்னு சொன்னோமா? எங்க வீட்டுக்காரர்தான் எனக்குப் பதிலா போய்ப் பேசிட்டு வந்தார். இருங்க, கேக்கிறேன்.”

ஆண்மயில் தோகையைச் சரிசெய்துகொண்டே வந்தது. “வெயில்ல நீ ஏன் அலையணும்னு நான் போனேன். தண்ணி கேக்கத்தான் போனேன். நரியார் என் தோகையைப் பத்திப் பேச ஆரம்பிச்சார். என்ன ரசனை அவருக்கு. அந்தப் பேச்சு சுவாரசியத்துல, எங்களுக்கு அவசரமில்லைன்னு சொல்லிட்டேன் போல.”

“கல்லு போட்டுத் தேர்ந்தெடுத்தது உங்களையா, என்னையா?” என்று கேட்டது பெண்மயில்.

“உன்னைத்தான்.”

“அப்போ இனிமே நானே போறேன். நீங்க குஞ்சுகளைப் பாத்துக்குங்க.”

ஆண்மயில் தோகையை மடக்கிக்கொண்டு குஞ்சுகளிடம் போனது. பாவம், அதற்கும் நல்ல மனசுதான்.

மூன்றும் நாவல் மரத்தடியில் உட்கார்ந்தன. மரத்தடியில் தலைவர்கள் கூடிப் பேசியது அதுதான் முதல் தடவை. எவ்வளவு பேச்சு, எவ்வளவு சிரிப்பு. அன்று நரி ஒவ்வொருவரிடமும் விட்ட கதையை முள்ளம்பன்றி நடித்துக்காட்டியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

சிரித்து முடித்ததும் முள்ளம்பன்றி சொன்னது. “நாம சேர்ந்து போனாலும் நரி ஒவ்வொருத்தராத்தான் தன் புதருக்குள்ள கூப்பிடும். உனக்கு மட்டும் திறக்கிறேன்னு ஆசை காட்டும். அங்கதான் நாம பிரிஞ்சுபோவோம்.”

முயல் கொஞ்சம் யோசித்தது. “அப்போ யாரும் தனக்குன்னு கேக்க வேண்டாம், அக்கா. நீங்க எனக்குக் கேளுங்க. நான் மயிலக்காவுக்குக் கேக்கிறேன். மயிலக்கா உங்களுக்குக் கேக்கட்டும்.”

மறுநாள் மூன்றும் ஏரிக்கரைக்குப் போயின. நரி எதிர்பார்த்தபடியே, “ஒவ்வொருத்தரா வாங்க” என்றது.

முதலில் முள்ளம்பன்றி போனது. “தலைவரம்மா, உங்களுக்காக உங்க மடையைச் சத்தமில்லாம திறந்துவிடுறேன். மத்தவங்ககிட்ட மூச்சு விடாதீங்க” என்றது நரி.

“எனக்கு இருக்கட்டும். முயலோட மடையைத் திறங்க” என்றது முள்ளம்பன்றி.

அடுத்து பெண்மயில் போனது. நரி அதற்கும் அதே ஆசையைக் காட்டியது. “எனக்கு இருக்கட்டும். முள்ளம்பன்றி மடையைத் திறங்க” என்றது பெண்மயில்.

நரிக்கு வியர்த்தது. கடைசியாக முயலைக் கூப்பிட்டது. முயலின் குட்டை எந்த நிலையில் இருக்கிறது என்று அதற்கு நன்றாகத் தெரியும்.

“உன் குட்டிங்க நாக்கு வறண்டு கிடக்குதாமே, தாயே. இந்த நிமிஷமே உன் மடையைத் திறக்கிறேன். நீ வாய்க்காலோட வீட்டுக்குப் போயிடு. அவங்க ரெண்டு பேரும் பெரிய ஆளுங்க, சமாளிச்சுக்குவாங்க.”

முயலின் மூக்கு துடித்தது. அது தரையைப் பார்த்தது. நரி காலை நீட்டிச் சௌகரியமாக உட்கார்ந்தது.

“எனக்கு இருக்கட்டும். மயிலக்காவோட மடையைத் திறங்க” என்றது முயல்.

நரி எழுந்து நின்றுவிட்டது. அதன் மரியாதையெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. “ஒரு மடையும் திறக்க முடியாது, போ. இது ராஜாவோட ஏரி” என்று பல்லைக் காட்டியது.

முயல் வெளியே வந்து நடந்ததைச் சொன்னது. “ஏரி ராஜாவோடது. மடை நம்மளோடதுன்னு ராஜாவே சொல்லியாச்சு. யாரைக் கேக்கணும்?” என்றது முள்ளம்பன்றி. மூன்றும் நேரே மடைக்கு நடந்தன. முயலின் குட்டைதான் அதிகம் காய்ந்திருந்தது. அதனால் முதலில் முயலின் மடை என்று மற்ற இரண்டும் முடிவு செய்தன. முயல் காலால் தோண்டியது, மயில் நகத்தால் கிளறியது. பின்னால் உறுமிக்கொண்டு வந்த நரிக்கு முள்ளம்பன்றி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அந்த முதுகைக் கடிக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

“ராஜாகிட்டச் சொல்லுவேன்” என்றது நரி.

“வாங்க, நாங்களும் வர்றோம். மூணு பேரும் சேர்ந்தே வர்றோம்” என்றது பெண்மயில். நரி அந்தப் பக்கமே போகவில்லை.

மண் உடைந்து தண்ணீர் ஓடியது. முயலின் குட்டிகள் வாய்க்கால் ஓரமாகவே துள்ளி வந்து மூக்கு முங்கக் குடித்தன. “அம்மா, நீயும் குடி” என்று கூப்பிட்டன. “அக்காவோட மடை இன்னும் திறக்கலை” என்று சொல்லிவிட்டு முயல் அடுத்த மடைக்கு ஓடியது. பொழுது சாய்வதற்குள் மூன்று மடையும் திறந்தாகிவிட்டது.

அதன் பிறகு மற்றக் குட்டைத் தலைவர்களும் நாவல் மரத்தடிக்கு வர ஆரம்பித்தார்கள். கோடை, மழை என்று பார்க்காமல் கூடினார்கள். காட்டில் எத்தனையோ நல்ல காலம் வந்தது. ஆனாலும் அந்த மூன்றும் முடி நரைத்த பிறகு உட்கார்ந்து பேசினால், பேச்சு அந்தக் கோடைக்குத்தான் திரும்பும்.

ஒருநாள் பெண்மயில் கேட்டது. “அன்னைக்கு உனக்கு மட்டும் திறக்கிறேன்னு நரி சொன்னப்போ உனக்கு ஆசை வரலையா?”

“வந்துச்சுக்கா. சரின்னு சொல்ல வாயே திறந்துட்டேன்” என்றது முயல். “நீங்க ரெண்டு பேரும் வெளியே வெயில்ல நிக்கிற நிழல் தெரிஞ்சுது. மூடிட்டேன்.”

நீதி: கையில் கிடைத்த அதிகாரம், அதைப் பெற்றவர்கள் ஒருவருக்காக ஒருவர் நின்றால்தான் கையில் தங்கும்.