சபையில் போட்ட தோப்புக்கரணம்

"உட்கார உட்காரப் புத்தி மழுங்குதே, அம்மா" என்று குருவிடம் குறைப்பட்டுக்கொண்டார் ஏகாம்பரம்.

அவர் கற்றது கவனகம். பாட்டுக் கட்டிக்கொண்டே, கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே, முதுகில் வந்து விழும் பூக்களையும் எண்ணிச் சொல்ல வேண்டும். லேசுப்பட்ட வித்தை அல்ல.

மறுநாள் ஜமீன் சபையில் அரங்கேற்றம். தோற்றால் ஊரில் தலைகாட்ட முடியாது. அந்தப் பயத்தில் விடிந்ததிலிருந்து மனுஷர் இடத்தைவிட்டு அசையவில்லை. வெயில் ஏற ஏறப் பூக்கணக்குத் தப்பிக்கொண்டே போனது.

குரு பெரியநாயகிக்கு அவரைவிட வயது குறைவு. பேச்சு அதைவிடக் குறைவு. கிணற்றுக் கயிற்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

புலவனைப் போய்த் தண்ணீர் இறைக்கச் சொல்வதா என்று ஏகாம்பரத்துக்கு உள்ளுக்குள் கொதித்தது. ஆனாலும் இறைத்தார். வேர்த்து வழிந்தது, மூச்சு வாங்கியது.

தொட்டி பாதிகூட நிறையவில்லை. "போதும், உட்காருங்க" என்றார் குரு. பின்னால் நின்று பூ எறிந்தார்.

ஒன்றுகூடத் தப்பவில்லை.

"இது என்ன மந்திரம், அம்மா?"

குரு கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் சபையில் இடமில்லை. வித்தை நன்றாகத்தான் நடந்தது, உச்சிவேளை வரைக்கும். அப்புறம் கண் சொருகியது. பாட்டின் அடுத்த அடி வர மறுத்தது. சபையில் கிணற்றுக்கு எங்கே போவது?

ஏகாம்பரம் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். காதுகளைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட ஆரம்பித்தார்.

சபை விழுந்து விழுந்து சிரித்தது. தோற்பதற்கு முன்பே மன்னிப்பா என்று ஒரு வித்துவான் கேலி செய்தார். பூ எறிகிறவர் சந்தடி சாக்கில் இன்னும் சில பூக்களை முதுகில் போட்டார்.

ஏகாம்பரம் மூச்சிரைக்க உட்கார்ந்தார். பாட்டை விட்ட இடத்தில் பிடித்து முடித்தார். பூக்கணக்கையும் சொன்னார். பிறகு திரும்பிப் பார்த்தார்.

"நான் காதைப் பிடிச்சிருந்தப்போ நீர் போட்டதையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

பூ எறிந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். சபையே எழுந்து நின்றது.

ஜமீன்தார் பெரியநாயகியிடம் வந்தார். "அப்படி என்னம்மா சொல்லிக்கொடுத்தீங்க?"

குருவின் முகத்தில் பெருமை வழிந்தது. மறைக்கவும் இல்லை.

"என் சீடருக்கு உட்கார ஏற்கெனவே தெரியும். எழுந்திருக்கத்தான் சொல்லிக்கொடுத்தேன்."