தொம்மை தாத்தாவோட தாழி ஓடு

ஒரு ஊர்ல ஒரு தாழி இருந்துச்சாம். ஊர்னா, கடலுக்கு நடுவுல ஒரு சின்னத் தீவு. தாழின்னா பெரிய மண்பானை. நீ உள்ள எறங்கி நின்னா உச்சந்தலை மட்டுந்தான் தெரியும். ரொம்பப் பழைய காலத்துல, செத்துப் போனவங்கள அதுக்குள்ள உக்கார வெச்சுப் பொதைப்பாங்க. பயப்படாத, அவங்க நல்லாத் தூங்குனாங்க. ம் சொல்லு.

ம்.

தாழி பாட்டுக்கு மண்ணுக்குள்ள கெடந்துச்சு. அப்புறம் பெரிய சண்டை வந்துச்சு. குண்டு போட வருவாங்கன்னு, ஊர்ச்சனம் ஒளிஞ்சுக்கக் குழி தோண்டுனாங்க. ணங்! பாத்தா தாழி. தூக்கி மேல வெச்சாங்க. அப்போ ஊஊஊன்னு அபாயச் சங்கு. வானத்துல விர்ர்ர்ர். டமால்னு ஒரு குண்டு. தாழியில மூணு பெரிய துண்டு பேந்து விழுந்துருச்சு. அடுத்த குண்டுக்குள்ள குழிக்கு ஓடணுமே. கையில கெடச்சவங்க அந்தத் துண்டத் தூக்கித் தலைமேல கவுத்துக்கிட்டு ஓடுனாங்க, தபதபதபன்னு.

சண்டை முடிஞ்சுது. துண்டு மூணும் மூணு வீட்டுக்குப் போயிருச்சு.

அப்புறம் ரொம்ப வருசம் கழிச்சு ரெஜினான்னு ஒரு அக்கா, பழைய பள்ளிக்கூடத்துல மியூசியம் வெச்சா. ரெண்டு ரூம். ஒண்ணுல பாசிமணி, சங்கு வளையல், பழங்காசு. இன்னொண்ணுல சண்டைச் சாமான்: இரும்புத் தொப்பி, குண்டோட வாலு, அந்த அபாயச் சங்கு. எல்லாத்தையும் தொடச்சுத் தொடச்சு வெச்சா. தாழிய மொத ரூமுக்கு நடுவுல நிறுத்தினா, மூணு ஓட்டையோட. தொறப்பு விழாவுக்குள்ள அது முழுசாயிரணும்னு அவளுக்கு ஆசை. பசை வாங்கிக்கிட்டுத் துண்டு தேடிப் போனா.

மொத வீட்டுல கோழி அதுல தண்ணி குடிச்சுது. "புதுச் சட்டி தாரேன்"னா ரெஜினா. "கோழிகிட்ட நீயே சொல்லிக்க"ன்னா வீட்டுக்காரி. ஆனா குடுத்துட்டா.

ரெண்டாவது வீட்டுல நண்டுப் பானைக்கு அது மூடி. எடுத்தாளோ இல்லையோ, சரசரசரன்னு நண்டு பூரா வாசலுக்கு. "புடிச்சுக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போ தாயி." புடிச்சா பாரு, வெரலெல்லாம் கடி.

மூணாவது தொம்மை தாத்தா வீடு. அவரு தலமாட்டுல வெச்சிருந்தாரு.

"தாத்தா, இது ஒண்ணுதான் கொற."

"தர மாட்டேன்."

"உங்க பேரு எழுதி வெக்கிறேன்."

"தர மாட்டேன்."

"ரெண்டாயிரம் வருசத்துச் சாமான், தாத்தா."

"அத்தன வருசம் இருந்துச்சுல்ல? இன்னுங் கொஞ்ச நாள் ஓட்டையோட இருக்கட்டும்." அப்புறம் அந்த ஓட்டுத் துண்டத் திருப்பிக் காட்டுனாரு. நடுவுல ஒரு வெட்டு. "குண்டுச் சில்லு பட்டது. அப்போ நான் உன் இடுப்பு ஒசரம். எங்கம்மா இத என் தலமேல புடிச்சுக்கிட்டே ஓடுனா."

அம்மா தலைக்கு?

அம்மா தலைக்கு மேல ஒண்ணும் இல்ல, கண்ணு.

...ம்.

ரெஜினா எந்திரிச்சு வந்துட்டா. ரெண்டு துண்டையும் ஒட்டுனா. தாழிய உருட்டி உருட்டி, ரெண்டு ரூமுக்கும் நடுவுல வாசல்ல வெச்சா, மிச்ச ஓட்டை சண்டை ரூமப் பாத்தாப்புல.

விழாவுக்கு எல்லாரும் வந்தாங்க. அப்போ டொக் டொக்னு கம்பு சத்தம். தொம்மை தாத்தா, கக்கத்துல ஓடு. தாழிகிட்டப் போனாரு. ஓட்டையில வெச்சாரு. டக். அப்பிடியே பொருந்திருச்சு. தாத்தா கொஞ்ச நேரம் அதத் தடவிக்கிட்டே இருந்தாரு. அப்புறம் எடுத்துக் கக்கத்துல வெச்சுக்கிட்டாரு.

"நான் இருக்குற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும். காலையில கொண்டாரேன், சாயங்காலம் கொண்டு போறேன். அப்புறம் நீ ஒட்டிக்க."

"சரி தாத்தா."

அதுலருந்து தெனம் வராரு. அபாயச் சங்குக்குக் கீழ நாற்காலி போட்டு உக்காந்திருப்பாரு, மடியில ஓடு. பிள்ளைங்க தாழிக்குள்ள எட்டிப் பாத்தா, ஓட்டை வழியாத் தாத்தா தெரிவாரு. கிட்டப் போனா, குனியச் சொல்லி, ஓட்டுத் துண்ட அதுங்க தலமேல புடிப்பாரு. படாம, தூக்கித்தான் புடிப்பாரு. பசை டப்பா அலமாரியில காஞ்சு கல்லாயிருச்சு. ரெஜினா புதுசு வாங்கல.

இப்போ மியூசியம் பூட்டியாச்சு. தாத்தா ஓட்டத் தலமாட்டுல வெச்சுப் படுத்துட்டாரு. இந்தா, ஒன் தலமேல என் கை இருக்கு. கதை வீட்டுக்குப் போயிருச்சு, நீ தூங்கு.