பல்லி குறுக்கே பேசிய கதை

அந்தக் காலத்தில் மனிதருக்கும் விலங்குக்கும் பேச்சு ஒன்றுதான். அரசன் கூட்டுகிற சபையிலும் எல்லாரும் கலந்துதான் உட்காருவார்கள். கொக்குக்குப் பக்கத்தில் குயவன், குயவனுக்குப் பக்கத்தில் எருமை. பல்லிக்கு மட்டும் ஆசனம் கிடையாது. அது சுவரில் ஒட்டிக்கொண்டு கேட்கும்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அரசன் ஒரு காரியத்தைச் செய்ய நினைத்தால் அதைச் சபையில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சபை முழுவதும் ஒரே குரலில் "அப்படியே ஆகட்டும்" என்றால்தான் அது ஆணை. நடுவில் யாராவது ஒருவர் "ஆனால்" என்று குறுக்கிட்டு ஒரு கேள்வி கேட்டுவிட்டால், அதற்குப் பதில் சொல்லும்வரை காரியம் நிற்கும். பதில் இல்லையென்றால் அடுத்த சபைக்குத் தள்ளிப்போகும். எந்தப் புண்ணியவான் ஏற்படுத்திய வழக்கமோ, அவன் நன்றாக இருக்கட்டும்.

அப்போது அரியணையில் இருந்தவன் நெடுங்கோ. பேருக்கேற்ற உயரம், உயரத்துக்கேற்ற ஆசை. ஊருக்கு மேற்கே இருந்த பெரிய ஏரியின் மேல் அவனுக்குக் கண் விழுந்தது. கரையை வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு மாளிகை கட்ட வேண்டுமாம். அவனுக்கு மந்திரி கிளி. அரசன் சொல்வதில் கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்வதுதான் அதன் மந்திரி உத்தியோகம்.

"ஏரி இருக்கும் இடத்தில் என் மாளிகை எழும்" என்றான் நெடுங்கோ.

"எழும், எழும்" என்றது கிளி.

சபையில் வேம்பி என்றொரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஏரியின் கடைசி மடைக்குக் கீழே அவளுக்கு ஒரு துண்டு வயல். எல்லாருக்கும் பாய்ந்தது போக மிச்சத் தண்ணீர்தான் அவளுக்கு; அந்த மிச்சத்தில்தான் அவள் வீட்டு உலை கொதித்தது. ஏரி போனால் அவளுக்கு எதுவுமே இல்லை. அவள் வாயைத் திறந்தாள். காவலர் கையிலிருந்த கூர்வேலைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். எருமை தலையைக் குனிந்துகொண்டது. அந்த ஏரி மீனைத் தின்றே வளர்ந்த கொக்கு வேறு எங்கோ பார்த்தது.

அப்போது சுவரிலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது.

"ஆனால்" என்றது பல்லி. "மழை பெஞ்சா தண்ணி எங்க போகும் ராஜா? அதோட வீட்டை நீங்க எடுத்துக்கிட்டா, அது உங்க வீட்டுக்குத்தானே வரும்?"

நெடுங்கோவிடம் பதில் இல்லை. பதில் இல்லாதவர்களுக்கு வருகிற கோபம் அவனுக்கும் வந்தது. சபை கலைந்த கையோடு கிளி ஊரெல்லாம் பறந்து அறிவித்தது: இனி இந்த நாட்டில் "ஆனால்" என்ற சொல் கிடையாது. சொன்னால் சிறை. காரியத்துக்குத்தான் சபையின் சம்மதம் வேண்டும், சொல்லைத் தடுக்க வேண்டாம் என்பது கிளியின் கணக்கு.

மக்கள் பயந்துதான் போனார்கள். "குழம்பு நல்லாத்தான் இருக்கு" என்று தொடங்கிய கணவன்மார் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். அதனால் வீடுகளில் கொஞ்ச நாள் அமைதி இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

வேம்பி சபை மண்டபத்துச் சுவரோரம் வந்து நின்றாள்.

"எனக்குப் பேச வாய் வரல. எனக்காக நீ பேசின" என்றாள். "இப்ப அந்த வார்த்தையையே புடுங்கிட்டாங்களே."

"அழாத அக்கா" என்றது பல்லி. "உங்க வீட்ல அதை வேற எப்படிச் சொல்லுவீங்க?"

வேம்பி யோசித்தாள். "எங்கம்மா எதுக்கெடுத்தாலும் 'இருந்தாலும்'னு இழுக்கும்."

"அதைக் குடு."

அடுத்த சபையில் அரசன் மாளிகை எழும் என்றான். கிளி எழும், எழும் என்றது. "இருந்தாலும்" என்றது பல்லி, "மழை பெஞ்சா தண்ணி எங்க போகும்?"

அரசன் கிளியைப் பார்த்தான். "அது தடை செய்த சொல் இல்லை அரசே" என்று கிளி முனகியது. ஒரு காவலன் எம்பிப் பல்லியின் வாலைப் பிடித்தான். வால் அவன் கையில் துடித்தது. பல்லி உத்தரத்துக்குப் போய்விட்டது.

"வாலை வச்சுக்கோ" என்றது மேலேயிருந்து. "நான் பேசுறது வாலால இல்ல."

"இருந்தாலும்" என்ற சொல்லும் தடையானது. அதற்குள் ஊரில் விஷயம் பரவிவிட்டது. மேய்ச்சலிலிருந்து திரும்பும் வழியில் எருமை சுவரோரம் நின்று "என்றாலும்" என்ற சொல்லைக் கொடுத்துவிட்டுப் போனது. குயவன் "எனினும்" என்றான். கொக்கு வெட்கப்பட்டுக்கொண்டே வந்து, தான் பறந்துபோன தூர தேசத்தில் கேட்டதாக "ஆயினும்" என்றது. எதிரே நின்று பேச அவர்களுக்குத் தைரியம் இல்லைதான். ஆனாலும் சொல்லைக் கொடுக்கத் தைரியம் இருந்தது. ஒவ்வொரு சபையிலும் ஒரு சொல் போனது, ஒரு வால் போனது. அடுத்த சபைக்குள் இரண்டும் முளைத்துவிட்டன.

"இந்த நாட்டில் இன்னும் எத்தனை சொல்தான் இருக்கிறது?" என்று நெடுங்கோ கத்தினான்.

"எத்தனை வாய் இருக்கோ அத்தனை" என்றது பல்லி.

மேற்கே மேகம் கூடத் தொடங்கியது. மழைக்கு முன்னால் கரையை வெட்டியாக வேண்டும் என்று அரசனுக்கு அவசரம். சொல்லைத் தடுத்துப் பயனில்லை, வாயையே அடைத்துவிடுங்கள் என்றான். காவலர்கள் பல்லியைச் சுவரோடு அமுக்கிப் பிடித்து, வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பை அதன் வாய் நிறையத் திணித்தார்கள். சொல்லவே வயிறு எரிகிறது. அவ்வளவு சின்ன வாய்க்கு அவ்வளவு சுண்ணாம்பு. தொண்டை வெந்து, உடம்பு வெளுத்து, பேச்சு போய்விட்டது.

மறுநாள் சபை கூடியது. சுவரைப் பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை.

"ஏரி இருக்கும் இடத்தில் என் மாளிகை எழும்."

"எழும், எழும்."

சபை வாயைத் திறந்தது. "அப்படியே" என்று சொல்லப்போகும் நேரத்தில் சுவரிலிருந்து கேட்டது.

"ச்சு... ச்சு... ச்சு..."

திறந்த வாய்கள் அப்படியே நின்றன.

நெடுங்கோ சிரித்தான். "இது என்ன சொல்?"

"சொல்லே இல்லை அரசே" என்றது கிளி.

"பிறகென்ன? சொல்லுங்கள், அப்படியே ஆகட்டும் என்று."

யாரோ தரையில் விரலால் தட்டினார்கள். சபை திரும்பிப் பார்த்தது. தட்டியது வேம்பி. தட்டிய கையையே ஊன்றி எழுந்து நின்றாள்.

"அது சொல்லுதான்" என்றாள். "என்ன சொல்லுன்னு எனக்குத் தெரியும். ஆனால்."

காவலர்கள் வேலை உயர்த்தினார்கள்.

"ஆனால், மழை பெஞ்சா தண்ணி எங்க போகும்? அன்னிக்குக் கேட்டது ராஜா. இன்னும் பதில் வரலையே."

"என்றாலும்" என்று எருமை எழுந்தது. "எனினும்" என்றான் குயவன். "ஆயினும்" என்றது கொக்கு, இந்த முறை அரசனைப் பார்த்தே. தடை செய்த சொற்களெல்லாம் ஒரே நேரத்தில் சபையில் எழுந்து நின்றன. பல்லியின் வாலைப் பிடித்த காவலன் வேலைக் கீழே வைத்தான். "இருந்தாலும் ராஜா, எங்க வயலும் அந்த ஏரிக்குக் கீழதான் இருக்கு" என்றான்.

எல்லாரையும் சிறையில் போட்டால் சிறையைக் காக்க ஆள் இல்லை. நெடுங்கோ பதில் சொல்லாமல் எழுந்து போனான். மழை வந்தது, ஏரி நிரம்பியது, வேம்பியின் வயலுக்கு வழக்கம்போல் மிச்சம் வந்தது. பல்லிக்கு மட்டும் பேச்சு திரும்பவே இல்லை.

ஒரே பொருளுக்கு எதற்கு இத்தனை சொல் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இன்று சலித்துக்கொள்கிறார்கள். இங்கிலீஷில் வேறு பட், யெட், ஸ்டில், ஹவெவர், நெவர்தலெஸ் என்று உருப்போட வேண்டியிருக்கிறது. வேறென்ன, அந்த ஊரிலும் ஒரு நெடுங்கோ இருந்திருப்பான். அங்கேயும் யாரோ சுவரில் ஒட்டிக்கொண்டிருந்திருப்பார்கள். பல்லி சத்தமிட்டால் நாம் சொன்னதற்கு அது ஆமாம் போடுகிறது என்று சிலர் நம்புகிறார்கள். அது கிளியின் வம்சத்தார் கிளப்பிவிட்டது. பல்லி என்றைக்கும் யாருக்கும் ஆமாம் போட்டதில்லை.

அன்று முதல்தான், யாராவது ஒன்றை முடிவாகச் சொல்லும்போது சுவரில் பல்லி கத்தினால், நாம் பேச்சை நிறுத்தி விரலால் தரையைத் தட்டுகிறோம். தட்டிய பிறகு வேம்பி எழுந்து நின்றாள், அதைத்தான் மறந்துவிட்டோம்.