முதலாளி வைத்த திரை

வள்ளத்துறை கால்பந்துப் போட்டிக்குப் படகு முதலாளி அருளப்பன், ஆட்டத்தைப் படம்பிடித்துத் திரும்பப் போட்டுப் பார்க்கப் பெரிய திரை ஒன்று வைத்துக் கொடுத்தார். ரெஃப்ரி ஜெரோன்ஸின் கண்ணை நம்ப முடியாது என்பது அவர் பேச்சு. ஊரும் அதையே பேசியது.

இறுதி ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிடத்தில் முதலாளி அணி போட்ட கோலை ஜெரோன்ஸ் ஆஃப்சைடு என்று தள்ளினான். கூட்டம் அவனைச் சுற்றி வளைத்துக்கொண்டது.

“திரையில போட்டுப் பாருல. கோலா இருந்தா உன் விசில் கடலுக்குள்ள போகும்,” என்றார் முதலாளி.

“போடலாம் முதலாளி. உங்க முதல் கோல்ல இருந்தே வரிசையா போட்டாத்தான ஞாயம்?” என்றான் ஜெரோன்ஸ். அந்த முதல் கோலுக்குச் சற்று முன், மைதானத்தின் ஓரத்தில் முதலாளியின் நாற்காலிப் பக்கம் போன பந்து எப்படித் திரும்பி வந்தது என்று அவனுக்கு அப்போதே சந்தேகம்.

படம் ஓடத் தொடங்கியதும் முதலாளி பாய்ந்துபோய்த் திரையை மறைத்து நின்றார். படம் அவருடைய வெள்ளைச் சட்டையிலேயே ஓடியது. கோட்டைத் தாண்டி உருண்ட பந்தை, சிவப்புச் செருப்புப் போட்ட கால் ஒன்று மைதானத்துக்குள்ளே தட்டிவிட்டது. எல்லோரும் குனிந்து முதலாளியின் செருப்பைப் பார்த்தார்கள்.

“ரெண்டு கோலையும் திரையே தீர்க்கட்டுமா முதலாளி, இல்ல நான் சொன்னது போதுமா?”

“நீ சொன்னதே போதும் தம்பி.”

கூட்டம் சிரித்துக்கொண்டே விலகியது. ஜெரோன்ஸுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அந்த மூச்சிலேயே விசிலை ஊதி ஆட்டத்தை முடித்தான்.